மூன்று முறை 66-65: டான் ஸ்டேலியின் கூடைப்பந்து வாழ்க்கை

1992, லாஸ் ஏஞ்சலஸ்: ஸ்டான்ஃபோர்ட் 66, வர்ஜீனியா 65.
2015, டாம்பா: நோட்டர் டேம் 66, சவுத் கரோலினா 65.
2021, சான் அன்டோனியோ: ஸ்டான்ஃபோர்ட் 66, சவுத் கரோலினா 65.

மூன்றுமே அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தின் தேசிய அரையிறுதி ஆட்டங்கள். மூன்றிலும் அந்த ஒரு பாயிண்டில் தோற்ற பக்கத்தில் நின்றவர் டான் ஸ்டேலி. முதல் தடவை கையில் பந்தோடு, ஆட்டக்காரியாக. மற்ற இரண்டு தடவையும் கோட்டுக்கு வெளியே, கோச்சாக. முதல் ஆட்டத்திலும் மூன்றாவது ஆட்டத்திலும் எதிரணியின் கோச் கூட ஒரே ஆள்தான்: ஸ்டான்ஃபோர்டின் டாரா வாண்டெர்வியர். அவரையும் இவரையும் பற்றி இன்னொரு சங்கதி இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

ஸ்டேலி வாங்கிய பதக்கங்களையும் கோப்பைகளையும் சொல்லத் தொடங்கினால் மூச்சு முட்டும். ஆட்டக்காரியாக மூன்று ஒலிம்பிக் தங்கம், தலைமைக் கோச்சாக ஒன்று, கல்லூரி அணிக்கு மூன்று தேசியப் பட்டங்கள். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரிக்கான நைஸ்மித் விருதையும் சிறந்த கோச்சுக்கான நைஸ்மித் விருதையும் இரண்டையும் வாங்கிய முதல் ஆள் அவர்தான். ஆனாலும் அவரைப் புரிந்துகொள்ள அந்த மூன்று ஒரு பாயிண்ட் தோல்விகள்தான் நல்ல வழி என்பது என் எண்ணம். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அவர் எங்கே போனார், யாரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார் என்பதில்தான் அவருடைய வாழ்க்கை முழுவதும் இருக்கிறது.

நம்மில் பலருக்கு அமெரிக்கக் கூடைப்பந்து என்றால் என்.பி.ஏ.தான். அங்கே கல்லூரி அணிகளுக்கும் அதே அளவு வெறியோடு கூட்டம் கூடும். முதல் தரப் பிரிவில் மட்டும் 350 கல்லூரிகளுக்கு மேல் ஆடுகின்றன. குளிர்காலம் முழுக்க லீக் ஆட்டங்கள். மார்ச்சில் தேர்ந்தெடுத்த அணிகள் நாக் அவுட் முறையில் மோதும். ஒரு தோல்வி, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கடைசியில் மிஞ்சும் நான்கு அணிகள் ஒரே ஊரில் கூடும் வார இறுதிக்குப் பெயர் ஃபைனல் ஃபோர். ஆண்களுக்கு இது 1939 முதல் நடக்கிறது. பெண்களுக்கு, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு இதை நடத்தத் தொடங்கியது 1982இல். கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்ற டைட்டில் நைன் சட்டம் வந்து பத்தாண்டுகள் கழித்து. ஸ்டேலி பிறந்தது அந்தச் சட்டத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், 1970 மே 4. அதனால் அவர் போன வழியில் பாதி இடங்களில் அப்போதுதான் பாதை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிலடெல்ஃபியாவின் வடக்குப் பகுதியில் ரேமண்ட் ரோசன் என்ற அரசுக் குடியிருப்பு. அங்கே ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி டான். அம்மா எஸ்டெல் தெற்கே சவுத் கரோலினாவில் பிறந்தவர். நிறவெறி கோலோச்சிய காலத்தில் இளம் வயதிலேயே வடக்கே வந்து, வீடுகளில் துப்புரவு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். அந்தத் தெற்கு மாநிலத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா விட்டு வந்த மண்ணுக்குத்தான் மகள் பிறகு வேலைக்குப் போனார்.

அந்தக் குடியிருப்பில் பெண்களுக்கென்று தனி ஆட்டம் கிடையாது. பையன்களோடுதான் ஆட வேண்டும். ஐந்தடி ஆறங்குலம் உயரமுள்ள ஒரு பெண், தன்னைவிடப் பெரிய பையன்களுக்கு நடுவே நிலைக்க வேண்டுமென்றால் எப்படி? பந்து தன் கையில் இருக்க வேண்டும், ஆனால் ரொம்ப நேரம் இருக்கக் கூடாது. யார் எங்கே ஓடப்போகிறார்கள் என்று அவர்கள் ஓடுவதற்கு முன்பே தெரிய வேண்டும். இதைத்தான் பாயிண்ட் கார்ட் வேலை என்பார்கள். வாலிபாலில் செட்டர் எப்படியோ அப்படி. பந்தை மேலே கொண்டுபோவது, ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது, யாருக்கு எந்த நொடியில் கொடுத்தால் கூடை விழும் என்று முடிவு செய்வது. ஸ்டேலி ஆடியபோது வலது மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்ட் இருக்கும். பந்தைத் தவறவிட்டாலோ தப்பான பாஸ் கொடுத்தாலோ அதை இழுத்து விட்டுத் தன் கையிலேயே சுண்டிக்கொள்வார். அந்தச் சுள்ளென்ற வலியோடு அந்தத் தவறு முடிந்தது, அடுத்த ஆட்டம்.

1988இல் நாட்டின் சிறந்த பள்ளி ஆட்டக்காரி என்ற பெயரோடு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். கோச் டெபி ரயன். நான்கு ஆண்டுகளில் மூன்று முறை, தொடர்ச்சியாக, ஃபைனல் ஃபோர். பட்டம் மட்டும் ஒருமுறையும் இல்லை. 1991 இறுதி ஆட்டத்தில் கோச் பாட் சம்மிட்டின் டென்னசி அணியிடம் கூடுதல் நேரத்தில் 70-67 என்று தோற்றார்கள். அந்த ஃபைனல் ஃபோரின் தலைசிறந்த ஆட்டக்காரி விருதைத் தோற்ற அணியின் ஸ்டேலிக்குக் கொடுத்தார்கள். எவ்வளவு அபூர்வமான மரியாதை, எவ்வளவு கசப்பான பரிசு! மறு ஆண்டு கடைசி வாய்ப்பு. அதுதான் முதல் 66-65. 2,135 பாயிண்டும், அன்றைக்கு என்.சி.ஏ.ஏ. சாதனையான 454 ஸ்டீல்களும் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) கணக்கில் வைத்துக்கொண்டு, கோப்பை இல்லாமல் கல்லூரியை விட்டு வெளியே வந்தார்.

வெளியே வந்தால் ஆடுவதற்கு இடம் இல்லை. 1992இல் அமெரிக்காவில் பெண்களுக்குத் தொழில்முறை லீக் கிடையாது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரியாக இருந்தவருக்கு 22 வயதில் சொந்த நாட்டில் வேலை இல்லை. அதே ஆண்டு பார்சலோனா ஒலிம்பிக் அணியிலும் இடம் கிடைக்கவில்லை. உயரம் போதாது, சர்வதேச அனுபவம் போதாது என்றார்கள். உயரத்தை ஒன்றும் செய்ய முடியாது. அனுபவத்தைச் சம்பாதிக்கலாம். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், பிரேசில் என்று மொழி தெரியாத ஊர்களில் ஆடினார்.

இப்போது அந்த வாண்டெர்வியர் சங்கதி. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்காக அமெரிக்கா ஒரு புதுமை செய்தது. ஒரு பெண்கள் அணியைத் தேர்ந்தெடுத்து, சம்பளம் கொடுத்து, ஒலிம்பிக்குக்கு முன்பு மாதக்கணக்கில் உலகம் சுற்ற வைத்தது. ஸ்டான்ஃபோர்டில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த கோச், டாரா வாண்டெர்வியர். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பாயிண்டில் தன் கனவை முடித்துவைத்தவரின் கீழ் ஸ்டேலி பாயிண்ட் கார்டாக ஆடினார். பயிற்சி ஆட்டங்கள் 52, எல்லாவற்றிலும் வெற்றி. ஒலிம்பிக்கில் எட்டுக்கு எட்டு. இறுதியில் பிரேசிலை 111-87 என்று வென்றபோது அரங்கில் 32,000 பேருக்கும் மேல் இருந்தார்கள். பெண்கள் கூடைப்பந்துக்கு டிக்கெட் விற்காது என்ற பழைய பேச்சு அந்த ஆண்டோடு பலமிழந்தது. அந்த அலையில்தான் ஏ.பி.எல்., டபிள்யூ.என்.பி.ஏ. என்ற இரண்டு லீக்குகள் அடுத்தடுத்துப் பிறந்தன.

ஸ்டேலி முதலில் சேர்ந்தது ஏ.பி.எல். பக்கம். 1998 டிசம்பரில், சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே, அந்த லீக் காசில்லாமல் மூடிவிட்டது. மறு ஆண்டு டபிள்யூ.என்.பி.ஏ.வின் ஷார்லட் ஸ்டிங் அணிக்குப் போனார். 2001இல் அந்த அணி இறுதி வரை போய்த் தோற்றது. 2005இல் ஹூஸ்டன், 2006இல் ஓய்வு. இதற்கு நடுவே சிட்னியிலும் ஏதென்ஸிலும் தங்கம். ஏதென்ஸ் தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவர், ரேமண்ட் ரோசன் குடியிருப்பின் அந்தக் கடைக்குட்டி.

ஆனால் 2000ஆம் ஆண்டுக்குத் திரும்ப வேண்டும். எல்லாம் மாறியது அங்கேதான்.

அந்த ஆண்டு பெண்களின் ஃபைனல் ஃபோர் பிலடெல்ஃபியாவில் நடந்தது. அதே ஊரின் டெம்பிள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பெண்கள் கோச் தேவைப்பட்டது. அங்கே விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்த டேவ் ஓ'பிரையன் ஸ்டேலியிடம் கேட்டார். ஸ்டேலிக்குக் கோச் வேலையில் ஆசையே இல்லை. கால்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன, முப்பது வயதுதான், சிட்னி ஒலிம்பிக் காத்திருந்தது. முதலில் மறுத்தார். பிறகு ஒப்புக்கொண்டார். டபிள்யூ.என்.பி.ஏ. கோடையில் நடக்கும், கல்லூரி சீசன் குளிர்காலத்தில். ஆகவே ஆறு ஆண்டுகள் இரண்டையும் செய்தார். கோடையில் வேறொரு கோச் சொல்வதைக் கேட்டு ஓடும் ஆட்டக்காரி, குளிர்காலத்தில் தன் பிள்ளைகளுக்குச் சொல்லும் கோச். கோடையில் தான் கேட்டு எரிச்சலடைந்ததையே குளிர்காலத்தில் வேறொருவரிடம் சொல்ல நேரும் நிலைமை அது. கோச்சிங் படிப்பதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

டெம்பிளில் எட்டு ஆண்டுகள்: 172 வெற்றி, 80 தோல்வி, ஆறு முறை தேசியப் போட்டிக்குத் தகுதி. அந்தக் கல்லூரி இருப்பதும் வடக்கு பிலடெல்ஃபியாவில்தான். அவர் வளர்ந்த தெருக்களுக்கு அது தூரமில்லை. சௌகரியமாக அங்கேயே இருந்திருக்கலாம்.

2008இல் சவுத் கரோலினா பல்கலைக்கழகம் அழைத்தது. மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் உள்ள கல்லூரி, எஸ்.இ.சி. என்ற லீக்கில் ஆடுவது. பாட் சம்மிட்டின் டென்னசி அந்த லீக்கில்தான் இருந்தது. அந்த ஆண்டுதான் சம்மிட் தன் எட்டாவது தேசியப் பட்டத்தை வென்றிருந்தார். சவுத் கரோலினாவுக்கு அப்படியொரு பழம்பெருமை எதுவும் இல்லை. முதல் சீசனில் ஸ்டேலியின் அணி 10 ஆட்டத்தில் வென்று 18இல் தோற்றது. அடுத்த ஆண்டு 14 வெற்றி, 15 தோல்வி. பதினெட்டாயிரம் பேர் உட்காரும் அரங்கில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடினார்கள்.

இந்த இடத்தில் அவர் செய்தது இரண்டு வேலை. ஒன்று எல்லா கோச்சும் செய்வது: நல்ல பள்ளி ஆட்டக்காரிகளைத் தேடிப் போய்ப் பேசிச் சேர்ப்பது. இதற்கு அங்கே ரெக்ரூட்டிங் என்று பெயர், கல்லூரி கோச்சின் வேலையில் பாதிக்கு மேல் இதுதான். இன்னொன்று அவ்வளவு பேர் செய்யாதது: ஊரை அரங்குக்குள் கொண்டுவருவது. ரசிகர்களை அவர் ரசிகர்கள் என்று சொல்வதே இல்லை, குடும்பம் என்ற பொருளில் ‘ஃபாம்ஸ்’ என்பார். மூத்த குடிமக்கள், பள்ளிப் பிள்ளைகள், வெள்ளையர், கறுப்பர் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே அணிக்குக் கத்தும் கூட்டம் மெல்லச் சேர்ந்தது. 2014-15 சீசனில் நாட்டிலேயே மிக அதிகக் கூட்டம் வரும் பெண்கள் அணி சவுத் கரோலினாதான். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அந்த இடத்தை விடவில்லை.

தென்மாநிலத்தின் ஒரு தலைநகரில் இது நடந்தது என்பதன் கனம் நம் ஊரிலிருந்து பார்த்தால் உடனே பிடிபடாது. இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களைச் சேர்த்தது 1963இல்தான். கொலம்பியாவுக்குப் பக்கத்தில் ஹாப்கின்ஸ் என்ற சிற்றூரில் வளர்ந்த ஏ'ஜா வில்சன், தன் பாட்டி சிறுமியாக இருந்தபோது அந்த வளாகத்தைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது என்று சொல்லியிருக்கிறார். 2014இல் நாடு முழுக்கத் தேடப்பட்ட பள்ளி ஆட்டக்காரி வில்சன். எந்தக் கல்லூரியும் அவருக்குக் கதவைத் திறக்கும். அவர் தேர்ந்தெடுத்தது பாட்டி சுற்றிப் போன அந்த வளாகத்தை. உள்ளூர்ப் பெண் உள்ளூரிலேயே இருக்க முடிவு செய்த அந்த நாள்தான் இந்த அணியின் தலையெழுத்தை மாற்றியது.

வில்சன் வந்த முதல் சீசனிலேயே, 2015இல், அணி முதன்முறையாக ஃபைனல் ஃபோர் போனது. நோட்டர் டேமிடம் இரண்டாவது 66-65.

அந்த ஆண்டு ஸ்டேலியிடம் ஒரு சின்னப் பொருள் வந்து சேர்ந்தது. கொஞ்சம் நைலான் கயிறு. அமெரிக்கக் கூடைப்பந்தில் பட்டம் வென்ற அணிக்கு ஒரு வழக்கம் உண்டு. கூடைக்குக் கீழே ஏணி போடுவார்கள். ஆட்டக்காரிகள் ஒவ்வொருவராக ஏறி, கத்திரிக்கோலால் வலையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொள்வார்கள். மிச்சத்தைக் கடைசியாக ஏறும் கோச் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்வார். 1999இல் பர்டூ பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் வாங்கிக்கொடுத்த கரோலின் பெக், இந்தப் பெண்கள் போட்டியை வென்ற முதல் கறுப்பினப் பெண் கோச். அவர் தன் வலையின் ஒரு துண்டை ஸ்டேலியிடம் கொடுத்து, நீ பட்டம் வெல்லும்போது இதைத் திருப்பிக் கொடு என்றார்.

ஏன் இந்தத் துண்டுக்கு இவ்வளவு அர்த்தம்? ஆட்டக்காரிகளில் மிகப் பெரிய பங்கு கறுப்பினப் பெண்கள். கோச் நாற்காலியில் அவர்கள் எப்போதும் குறைவு. இதற்குப் பின்னால் ஒரு கசப்பான கதை இருக்கிறது. 1972இல் அமெரிக்கக் கல்லூரிகளின் பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் பெண் கோச்சுகள்தான் இருந்தார்கள். சட்டம் வந்து, பெண்கள் விளையாட்டுக்குப் பணமும் சம்பளமும் வந்ததும், அந்த வேலைகளுக்கு ஆண்களும் வரத் தொடங்கினார்கள். எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் இன்று பெண் கோச்சுகள் பாதிக்கும் குறைவு. பெண்களுக்காக வந்த சட்டம் பெண்களின் வேலையைக் குறைத்தது. ஆண்கள் அணிகளுக்குப் பெண்களைக் கோச்சாகப் போடும் வழக்கமோ அனேகமாக இல்லவே இல்லை. ஆக ஆணுக்கு இரண்டு கதவு, பெண்ணுக்கு ஒரு கதவு, அதிலும் கறுப்பினப் பெண்ணுக்குப் பாதி திறந்த கதவு.

2017, டாலஸ். போட்டி தொடங்கும் நேரத்தில் அணியின் ஆறடி நான்கங்குல சென்டர் அலைனா கோட்ஸுக்குக் கணுக்காலில் அடி. உயரமான இருவரை நம்பி அமைத்த ஆட்டம் கலைந்தது. ஸ்டேலி வில்சனை மட்டும் உள்ளே வைத்து, சுற்றிலும் வேகமான நான்கு பேரை விட்டு ஆட்டத்தையே மாற்றினார். அதாவது அவர் வளர்ந்த தெருவின் ஆட்டத்துக்கு. இறுதியில் மிசிசிப்பி ஸ்டேட்டை 67-55 என்று வென்று முதல் பட்டம். ஆட்டக்காரியாக மூன்று முறை தேடிக் கிடைக்காதது 46 வயதில் கோச்சாகக் கிடைத்தது. அம்மா எஸ்டெல் அப்போது சவுத் கரோலினாவுக்கே திரும்பி வந்து கொலம்பியாவில் மகளோடு இருந்தார். அல்சைமர் நோய் முற்றியிருந்தது. அந்த ஆகஸ்டில் இறந்துபோனார்.

பெக் கொடுத்த துண்டின் கணக்கை ஸ்டேலி தீர்த்த விதம்தான் எனக்கு மிகப் பிடித்தது. தன் 2017 வலையைத் துண்டு துண்டாக வெட்டி, முதல் தரப் பிரிவில் தலைமைக் கோச்சாக இருந்த கறுப்பினப் பெண்களுக்கெல்லாம் 2021இல் அனுப்பி வைத்தார். பெக்கிலிருந்து ஸ்டேலி வரை, இரண்டாவது ஆள் வரப் பதினெட்டு ஆண்டுகள் ஆனது. மூன்றாவது ஆளுக்கு அவ்வளவு காலம் ஆகக் கூடாது என்ற அவசரம் அந்த உறைகளில் இருந்தது.

2020இல் அணி 32 வெற்றி, ஒரே தோல்வி, தரவரிசையில் முதலிடம். மார்ச்சில் கொரோனா வந்து போட்டியே ரத்தானது. அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

2021இல் எல்லாப் பெண்கள் அணிகளையும் சான் அன்டோனியோவில் ஒரே கொரோனா பாதுகாப்பு வளையத்துக்குள் வைத்துப் போட்டி நடத்தினார்கள். ஆண்கள் இண்டியானாபொலிஸில். பெண்களுக்குக் கொடுத்த உடற்பயிற்சி இடத்தை ஆரிகன் அணியின் செடோனா பிரின்ஸ் ஒரு வீடியோவாக எடுத்துப் போட்டார். ஒரு சின்னத் தாங்கியில் சில டம்பெல்கள், பக்கத்தில் யோகா பாய்கள். ஆண்களுக்கோ பெரிய கூடம் நிறைய பளுதூக்கும் கருவிகள். ஸ்டேலி வாய் மூடி இருக்கவில்லை. என்.சி.ஏ.ஏ. தலைமையைப் பெயர் சொல்லிக் கண்டித்து வெளிப்படையாக அறிக்கை விட்டார். ‘மார்ச் மேட்னஸ்’ என்ற புகழ்பெற்ற பெயரையே அதுவரை ஆண்கள் போட்டிக்கு மட்டும்தான் பயன்படுத்தி வந்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்து பெண்களுக்கும் அந்தப் பெயர் வந்தது.

அந்தப் போட்டியின் அரையிறுதியை இங்கே விடியும் முன் எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். கடைசி நொடிகளில் ஸ்டான்ஃபோர்ட் ஒரு பாயிண்ட் முன்னால். பந்து அவர்கள் கையில். முடிந்தது என்று நினைத்தபோது சவுத் கரோலினாவின் அலியா பாஸ்டன் பந்தைப் பறித்தார். எதிர்ப்பக்கம் ஓடினார்கள். பிரியா பீல் கூடைக்குப் பக்கத்தில் போய்ப் போட்ட லேஅப் விளிம்பில் பட்டு விலகியது. பின்னாலேயே ஓடி வந்த பாஸ்டன் எம்பி, திரும்பி வந்த பந்தைத் தட்டிவிட்டார். அதுவும் விழவில்லை. சைரன். பாஸ்டன் அழுத அழுகை மறு ஆண்டு முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டே இருந்தது. பார்க்கவே பொறுக்கவில்லை.

மூன்றாவது 66-65. எதிரே அதே வாண்டெர்வியர். அந்த இரவு பாஸ்டனைத் தேற்ற அந்த அரங்கில் ஸ்டேலியைவிடத் தகுதியான ஆள் இருந்திருக்க முடியாது. 1992இல் ஒரு பாயிண்டில் தோற்று வெளியேறியதும் அவர்தானே.

அந்த ஆகஸ்டில் டோக்கியோவில் அமெரிக்க அணியின் தலைமைக் கோச்சாகத் தங்கம் வென்றார். அந்த அணியில் ஏ'ஜா வில்சன் ஆடினார். 2022 ஏப்ரலில் மினியாபொலிஸில் இறுதி ஆட்டம். எதிரே கோச் ஜீனோ ஆரியம்மாவின் கனெக்டிகட். அதுவரை பதினொரு இறுதி ஆட்டங்களில் ஆடி பதினொன்றிலும் வென்ற அணி. சவுத் கரோலினா 64, கனெக்டிகட் 49. ரீபவுண்டில் 49-24. அதாவது கூடையில் விழாமல் திரும்பிய பந்துகளில் இரண்டு மடங்கு இவர்கள் கைக்கு வந்தன. அதில் பாஸ்டன் மட்டும் 16. ஓராண்டுக்கு முன் தட்டி விழாமல் போன அந்த ஒரு பந்துக்குப் பதில் சொன்னது போல இருந்தது.

2023 அரையிறுதி வரை ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. அங்கே ஐயோவாவின் கெய்ட்லின் கிளார்க் 41 பாயிண்ட் அடித்து 77-73 என்று வீழ்த்தினார். அந்த ஆட்டத்தில் ஒரு காட்சி. சவுத் கரோலினாவின் ரேவன் ஜான்சன் மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியே பந்தோடு தனியாக நிற்கிறார். அவரைத் தடுக்க வேண்டிய கிளார்க், நீ எறிந்தால் எறி, எனக்கென்ன என்பது போலக் கையை உதறிவிட்டு நகர்ந்துகொள்கிறார். அது கோடிக்கணக்கான கைபேசிகளில் சுற்றியது. ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்ததாக ஜான்சன் பிறகு சொன்னார்.

அடுத்த சீசனுக்கு முதல் ஐவரும் கல்லூரியை முடித்துப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் அதுவரை பெஞ்சில் இருந்தவர்களும் புதிதாக வந்தவர்களும். அவர்களைக் குழந்தைகள் காப்பகம் என்று ஸ்டேலி செல்லமாகச் சொல்வார். அந்தக் காப்பகம் 38 ஆட்டங்களில் 38ஐயும் வென்றது. கிளீவ்லாந்தில் இறுதி, மறுபடி அதே ஐயோவா, அதே கிளார்க். தொடக்கத்திலேயே 10-0 என்று பின்தங்கினார்கள். ஸ்டேலி ஆட்களை மாற்றி மாற்றி இறக்கினார். ரேவன் ஜான்சன் கிளார்க்கின் நிழலாக ஒட்டிக்கொண்டார். முதல் பாதி முடியும் தறுவாயில் அவர் கையிலிருந்தே பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிக் கூடையில் போட்டார். பிரேசிலிலிருந்து வந்த கமீலா கார்டோசோ 17 ரீபவுண்ட். முடிவு 87-75.

ஆனால் நான் அந்த ஸ்கோர் தாளில் வட்டம் போட்டு வைத்திருக்கும் எண் வேறு: 37-0. பெஞ்சிலிருந்து இறங்கியவர்கள் அடித்த பாயிண்ட் கணக்கு அது. சவுத் கரோலினாவுக்கு 37, ஐயோவாவுக்குப் பூஜ்யம். ஒரு பக்கம் ஒரே ஒரு மாபெரும் ஆட்டக்காரி. மறு பக்கம் யார் இறங்கினாலும் கூடை விழும். பாயிண்ட் கார்டாக இருந்தவர் கோச்சானால் அணி எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் இந்த ஒரு எண்ணைக் காட்டினால் போதும். பந்து யாரிடமும் தேங்கக் கூடாது என்பது மட்டுமல்ல, ஆட்ட நேரமும் யாரிடமும் தேங்கக் கூடாது. மூன்று சீசன்களில் 109 வெற்றி, 3 தோல்வி என்பது அந்தப் பகிர்வில் வந்ததுதான். வென்ற மேடையில் நின்றுகொண்டே, இந்த விளையாட்டை இவ்வளவு பேரிடம் கொண்டுசேர்த்ததற்காகக் கெய்ட்லின் கிளார்க்குக்கு நன்றி சொன்னார் ஸ்டேலி. அந்த இறுதி ஆட்டத்தைச் சராசரியாக 1.8 கோடிக்கும் மேற்பட்டோர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஆண்கள் இறுதிக்கு வந்ததைவிட அதிகம்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் விடக் கூடாது, ஏனென்றால் ஸ்டேலி அதை ஒருபோதும் பேசாமல் விட்டதில்லை. 2021இல் ஏழு ஆண்டுகளுக்கு 2.24 கோடி டாலர் ஒப்பந்தம். 2025 ஜனவரியில் அதை ஆண்டுக்கு 40 லட்சம் டாலராக உயர்த்தி நீட்டித்தார்கள். கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் அப்போது அதுவே மிக அதிகச் சம்பளம். தன் சம்பளத்தை அவர் மறைத்துப் பேசுவதில்லை, மற்ற பெண் கோச்சுகள் பேரம் பேசும்போது அந்த எண் மேசையில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர். அதே ஜனவரியில், பெண்கள் போட்டியில் ஓர் அணி ஆடும் ஆட்டங்களுக்கு ஏற்ப அந்த அணியின் லீக்குக்குப் பணம் தரும் முறைக்கு என்.சி.ஏ.ஏ. ஒப்புதல் கொடுத்தது. ஆண்களுக்குப் பல பத்தாண்டுகளாகக் கிடைத்து வந்த பங்கு அது.

2025 கோடையில் என்.பி.ஏ.வின் நியூயார்க் நிக்ஸ் அணி தலைமைக் கோச் வேலைக்கு அவரை நேர்காணல் செய்தது. கொடுத்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன் என்று பின்னர் அவரே சொன்னார். ஒரு பெண்ணைக் கோச்சாகப் போட்டு அணி ஐந்து ஆட்டம் வரிசையாகத் தோற்றால் வரும் பேச்சை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று அவர்களையே கேட்டிருக்கிறார். வேலை மைக் பிரவுனுக்குப் போனது. அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது என்று சொன்னவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. நடக்கப்போவதை நடப்பதற்கு முன்பே பார்த்துச் சொல்வதுதானே அவர் சிறுவயதிலிருந்து செய்து வந்த வேலை.

அதே 2025 ஏப்ரலில் டாம்பாவில் கனெக்டிகட்டிடம் 82-59 என்று இறுதி ஆட்டத்தில் தோற்றார். ஒரு பாயிண்ட் அல்ல, 23. அந்த மாதக் கடைசியில் கொலம்பியாவில் அவருக்குச் சிலை திறந்தார்கள். முதலில் அவருக்குச் சிலையில் விருப்பமில்லை. எனக்காக இல்லை, என்றைக்காவது இந்த வழியே நடந்து போகும் ஒரு சிறுமி இவர் யார் என்று கேட்பாளே, அவளுக்காக என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டார். கல்லூரி அரங்கின் வாசலில் 2021 முதல் ஏ'ஜா வில்சனின் சிலை நிற்கிறது, பாட்டி சுற்றிப் போன அந்த வளாகத்தின் மண்ணில். ஸ்டேலியின் சிலை ஊர்த் தெருவோரத்தில் இருக்கிறது. வெண்கலத்தில் ஓர் ஏணி, அதன் மேல் அவர். கையில் அப்போதுதான் வெட்டி எடுத்த வலை.